தைலப்புல்: வெட்ட வெட்டத் துளிர்ப்பது எப்படி?

மூணாறு பார்த்துவிட்டு மறையூர் வழியாக உடுமலைக்கு இறங்குகிறவர்கள் சாலையோரக் கடையில் ஒரு பாட்டில் புல்தைலம் வாங்காமல் போவது அபூர்வம். மூட்டுவலிக்கு என்று ஒருவர், கொசுவுக்கு என்று ஒருவர், தரை துடைக்க என்று இன்னொருவர். காசைக் கொடுத்து பாட்டிலைப் பையில் வைத்த பிறகுதான் கேட்பார்கள், "இது யூகலிப்டஸ் மாதிரி எந்த மரத்து இலைங்க?" என்று. மரமெல்லாம் இல்லை, புல்தான். பெயரிலேயே புல் இருந்தும் யாருக்கும் நம்பிக்கை வருவதில்லை. இவ்வளவு காட்டமான வாசனை வெறும் புல்லிலிருந்து வரும் என்று மனசு ஒத்துக்கொள்ளாது போல.

அந்தப் புல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. தாவரவியல் பெயர் சிம்போபோகன் ஃபிளெக்ஸுவோசஸ். நம் பக்கம் தைலப்புல், மலையாளத்தில் இஞ்சிப்புல். வெப்பமண்டலத்துப் பல்லாண்டுப் புல் என்று பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். "வெப்பமண்டலம்", "பல்லாண்டு" என்ற இரண்டு சொற்களும் என்ன சொல்கின்றன என்று விளங்கிவிட்டால், இதை ஏன் இப்படி வெட்டுகிறார்கள், ஏன் மாடு தின்பதில்லை, ஏன் மேட்டிலேயே நடுகிறார்கள் என்பதெல்லாம் தானாகப் புரியும்.

முதலில் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒரு தூர் என்பது ஒரு செடி அல்ல. நூற்றுக்கணக்கான பக்கக் கிளைப்புகள் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும் கூட்டம். இலை ஒரு மீட்டர் வரை நீளும், பாதிக்கு மேல் வளைந்து தொங்கும், மேலே லேசாகச் சாம்பல் பூத்த பச்சை. இலையின் ஓரத்தை அடியிலிருந்து நுனிக்கு உருவினால் ஒன்றும் தெரியாது. நுனியிலிருந்து அடிக்கு உருவிப் பாருங்கள், விரல் கிழியும். ஓரம் முழுக்க கண்ணுக்குத் தெரியாத பற்கள், அதில் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே பொருள். அதனால்தான் புல் அறுக்கப் போகிற பெண்கள் எந்த வெயிலிலும் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டு போகிறார்கள். இலை உறைகளைப் பிரித்துக்கொண்டே அடிக்குப் போனால் தூரின் அடிப்பகுதி செம்மை கலந்து இருக்கும். அடி வெளுத்த ஒரு வகையும் உண்டு. இரண்டும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் தைலத்துக்குப் பேர் பெற்றது சிவப்புத் தூர்தான். வெள்ளையில் வாசனைச் சரக்கு குறைவு.

இப்போது மேலிருந்து இலையை அப்படியே நறுக்கி எறியுங்கள். ஒன்றும் ஆகாது. இங்கேதான் புல் என்ற இனத்தின் சூட்சுமம் இருக்கிறது.

ஒரு தக்காளிச் செடியின் நுனியைக் கிள்ளினால் அந்தக் கிளை அதோடு நின்றுபோகும், ஏனென்றால் வளரும் இடம் நுனியில். புல்லுக்கு அப்படி இல்லை. இலை வளர்வது அடியிலிருந்து. நுனியில் நீங்கள் பார்ப்பது இலையின் பழைய பகுதி, அடியில் உறைக்குள் இருப்பதுதான் புதிய பகுதி. அதனால் நுனி போனாலும் அடி தள்ளிக்கொண்டே இருக்கும். அதற்கும் கீழே, புது இலைகளையே பிறப்பிக்கும் வளர்முனை, பூக்கும் பருவம் வருகிறவரை மண்ணை ஒட்டிய உயரத்தில் இலை உறைகளுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. அரிவாளோ மாட்டின் பல்லோ அவ்வளவு கீழே எட்டுவதில்லை. தரைக்கு மேல் 10 முதல் 15 சென்டிமீட்டர் விட்டு அறுக்கச் சொல்வது இதனால்தான். ஆசைப்பட்டு ஒட்ட அறுத்தால் வளர்முனையும் சேர்ந்து போய்விடும், அடுத்த அறுப்பில் தூர் இளைத்து நிற்கும்.

சரி, இது எல்லாப் புல்லுக்கும் பொதுதானே, பல்லாண்டு என்று ஏன் தனியாகச் சொல்கிறோம்? கம்பு, கேழ்வரகு இரண்டும் புல் குடும்பம்தான். ஆனால் அவை ஒரே பருவத்தில் வாழ்ந்து முடிப்பவை. சேர்த்து வைத்ததையெல்லாம் கதிரில் கொட்டிவிட்டுக் காய்ந்துபோகும். தைலப்புல் அப்படிச் செலவழிப்பதில்லை. பூத்த கிளைப்பு மட்டும் காய்ந்து சாகும். பக்கத்தில் பூக்காத கிளைப்புகள் இருக்கும், அவற்றின் அடியில் கணுக்களில் மொட்டுகள் உறங்கிக்கொண்டிருக்கும். ஒரு கிளைப்பு போனால் நாலு கிளம்பும். கரும்பு நட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: வெட்டிய கரும்பின் அடிக்கட்டை மறுபடி துளிர்த்துக் கட்டைக்கரும்பாக வருகிறதே, அதே வேலைதான்.

அதற்காகச் சாகா வரம் வாங்கி வந்தது என்று நினைக்க வேண்டாம். தூர் வெளிப்பக்கமாகவே பரவும். வருஷம் ஆக ஆக நடுப்பகுதி கட்டைதட்டிச் செத்து, விளிம்பில் மட்டும் பச்சை நிற்கும். நட்டு 90 நாளில் முதல் அறுப்பு, அப்புறம் 50, 60 நாளுக்கு ஒரு அறுப்பு என்று போனால், லாபத்தோடு நிற்பது 5 அல்லது 6 வருஷம். பிறகு பெயர்த்துப் போட்டு, ஓரத்தில் இருக்கும் நல்ல கன்றுகளைப் பிரித்து நடுவார்கள்.

நெருப்புக்கும் இதே கணக்குதான். மாசி, பங்குனியில் மறையூருக்குக் கீழே உள்ள சின்னாறு பக்கம் காய்ந்த புல்மேட்டில் தீ பிடித்தால் சாம்பலைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை என்று தோன்றும். முதல் மழை விழுந்ததும் கருகிய தூரின் நடுவிலிருந்து பச்சை ஊசி கிளம்பும். மேலே இருந்த காய்ந்த தாள்தான் எரிந்தது, மண்ணோடு ஒட்டியிருந்த முனைக்குச் சூடு அவ்வளவாகப் போகவில்லை. கேரளத்தில் தோட்டமாக வளர்த்தவர்கள்கூட மழைக்கு முன்னால் காய்ந்த கட்டையைக் கொளுத்திவிடும் பழக்கம் வைத்திருந்தார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் தீக்குச்சியோடு கிளம்ப வேண்டாம். காட்டில் தீ வைப்பது குற்றம், அதுவும் சந்தனக்காட்டுக்குப் பக்கத்தில்.

அடுத்து வெப்பமண்டலம். மறையூர் இருப்பது கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்தில். மேற்கே மூணாறில் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவமழை மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வரும்போது ஈரம் வற்றிப்போய் வருகிறது; கீழே சின்னாறில் வருஷத்துக்கு 500 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. அரசியல் வரைபடத்தில் கேரளம், வானிலையில் உடுமலை. ஆறுகூட அப்படித்தான், கேரளத்தில் கிழக்கே ஓடும் மூன்று ஆறுகளில் ஒன்றான பாம்பாறு இந்த வழியாகத்தான் போய் அமராவதியில் சேர்கிறது. இந்த வெயிலும் சரிவான கல்மண்ணும் தைலப்புல்லுக்குப் போதும். நல்ல மழை உள்ள மேற்குச் சரிவிலும் செழிப்பாகவே வரும். வராத இடம் இரண்டுதான். தண்ணீர் தேங்கும் இடத்தில் வேர் அழுகும். உறைபனி விழும் இடத்தில் நிற்காது: மூணாறு பக்கத்துச் செண்டுவரை மாதிரி மார்கழி, தையில் தேயிலையின் மேல் வெள்ளை படியும் பள்ளங்களில் இதை நட்டு வைத்தால் ஒரு பனிக்காலம் தாண்டுவதே பெரிய விஷயம். 'வெப்பமண்டலத்துப் புல்' என்பதில் நடைமுறைக்கு உதவுகிற சங்கதி இதுதான்: வெயிலைத் தாங்கும், உறைபனியைத் தாங்காது.

வெயிலைத் தாங்குவதற்கு உள்ளே ஒரு ஏற்பாடு இருக்கிறது. நெல் உட்படப் பெரும்பாலான பயிர்கள் காற்றிலிருக்கும் கரியமில வாயுவை நேராக எடுத்துச் சர்க்கரையாக்குகின்றன. சூடு கூடினால் அந்தப் பொறுப்பில் இருக்கும் நொதி தடுமாறி, கரியமில வாயுவுக்குப் பதிலாக ஆக்ஸிஜனைப் பிடித்துவிடும். செய்த வேலையில் ஒரு பங்கு வீண். தைலப்புல், கரும்பு, சோளம், மக்காச்சோளம் எல்லாம் ஒரே கூட்டத்துப் புற்கள். இவை முதலில் வேறொரு நொதியால் வாயுவைப் பிடித்து, இலை நரம்பைச் சுற்றியுள்ள அறைகளுக்குள் அடர்த்தியாகச் சேர்த்து, அதற்குப் பிறகுதான் சர்க்கரை செய்ய விடுகின்றன. அந்த அடர்த்தியில் தடுமாற்றம் கிட்டத்தட்ட இல்லை. இலைத்துளையைக் குறைவாகத் திறந்தாலே போதும் என்பதால் தண்ணீரும் மிச்சம். தாவரவியலார் இதை சி4 முறை என்பார்கள்.

மறையூரில் இந்தச் சொந்தக்காரர்கள் இருவரையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். வாய்க்கால் தண்ணீர் பாயும் பள்ளத்தில் கரும்பு. அதிலிருந்துதான் 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய மறையூர் வெல்லம். தண்ணீர் ஏறாத மேட்டில் தைலப்புல். ஒன்று தன் சேமிப்பைத் தண்டில் சர்க்கரையாக வைத்துக்கொள்கிறது, இன்னொன்றிடம் நாம் தேடிப் போவது இலைக்குள் இருக்கும் எண்ணெய்.

அந்த எண்ணெய்க்கு வருவோம். இலையின் சதைக்குள் அங்கங்கே தனி அறைகளில் இது அடைபட்டிருக்கிறது. அதனால்தான் தோட்டத்துக்குள் சும்மா நடந்தால் அவ்வளவாக வாசம் வராது, இலையைக் கசக்கியதும் குப்பென்று வரும். எண்ணெயில் முக்கால் பங்குக்கு மேல் சிட்ரால் என்ற ஒரே பொருள். எலுமிச்சைத் தோலின் எண்ணெயிலும் இதுதான் எலுமிச்சை வாசத்தைக் கொடுக்கிறது, ஆனால் அங்கே நூற்றுக்குச் சில பங்குதான். ஆக எலுமிச்சை வாசனை எலுமிச்சையைவிட இந்தப் புல்லில்தான் அதிகம், இதை வைத்து எலுமிச்சம்பழத்துக்குத்தான் புல்பழம் என்று பெயர் வைத்திருக்க வேண்டும்.

புல் இதை நமக்காகச் செய்யவில்லை. சிட்ரால் பல பூஞ்சைகளையும் பாக்டீரியாக்களையும் அடக்கும், பூச்சிக்கு ஆகாது, மாட்டுக்கும் வாய்க்கு ஒத்துவராது. வேறு தீவனம் இருக்கும்போது மாடு மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கிவிடும். காட்டுப்பன்றியும் யானையும் இறங்கும் மலையோரத்தில் வாழை வைத்தவனுக்கும் மரவள்ளி வைத்தவனுக்கும் ராத்தூக்கம் கிடையாது. தைலப்புல் வைத்தவன் மிதிபடுமே என்று கவலைப்படலாம், தின்றுவிடும் என்ற கவலை அவ்வளவாக இல்லை. இந்த ஓரங்களில் இது இன்னும் நிற்பதற்கு, தைல விலையைவிட இந்த நிம்மதிதான் காரணம் என்று எனக்குத் தோன்றும்.

இளம் இலை வேகமாக விரியும்போதுதான் எண்ணெய் அதிகம் ஊறுகிறது. இலை முற்ற முற்ற எடை கூடும், எண்ணெய் விகிதம் குறையும். மழைக்காலத்தில் கட்டுக்கட்டாகப் புல் வரும், தைலம் ஏமாற்றும். வெயில் காலத்தில் புல் கொஞ்சம், தைலம் கெட்டி. பச்சைப் புல்லின் எடையில் எண்ணெய் 0.2 முதல் 0.5 சதவீதம் வரைதான். 100 கிலோ புல்லைத் தலையில் சுமந்து வந்து காய்ச்சினால் 200 கிராமிலிருந்து அரைக் கிலோவரை. பாட்டில் விலையைப் பேரம் பேசும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

காய்ச்சுகிற கொட்டகை ஓடைக்கரையில் இருக்கும், ஏனென்றால் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மறையூர் சுற்றுவட்டத்தில் முதுவர், மலைப்புலையர் என்ற பழங்குடி மக்களின் குடியிருப்புகளில் இந்த வேலை உண்டு. அறுத்த புல்லை வாட விட்டு, பெரிய கலத்தில் மிதித்து அடைத்து, அடியில் தண்ணீர் ஊற்றித் தீ வைக்கிறார்கள். சிட்ரால் தனியாகக் கொதிக்க 229 டிகிரி வேண்டும், அந்தச் சூட்டில் அது கெட்டே போகும். நீராவியோடு சேர்ந்து வரும்போது 100 டிகிரிக்குள்ளேயே கிளம்பிவிடுகிறது, வடித்தலின் சாமர்த்தியம் முழுக்க இதில்தான். ஆவி மேலே உள்ள குழாய் வழியாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி இறங்கிக் குளிர்ந்து, கீழே ஒரு பாத்திரத்தில் சொட்டும்.

"அண்ணே, தொட்டித் தண்ணி கொதிக்குது பாருங்க, ஆவியா வெளிய போகுது."

"வாய்க்காலத் தொறந்து விட்டுட்டேன் தம்பி. நீ தீயக் கொறை."

தீயைக் கூட்டினால் சீக்கிரம் முடியும் என்று தோன்றும். கூட்டினால் ஆவி குளிராமல் தைலத்தோடு பறக்கும். இரண்டு முதல் நாலு மணி நேரம் பொறுமையாக ஓட்ட வேண்டும். பாத்திரத்தில் தண்ணீர் கீழே, தைலம் மேலே மஞ்சளாக மிதக்கும், கரண்டியால் வழித்து எடுக்கலாம். சக்கையைக் காயவைத்து அடுத்த காய்ச்சலுக்கு அதையே எரிக்கிறார்கள்.

இந்தத் தைலம் ஒரு காலத்தில் கொச்சித் துறைமுகம் வழியாகப் போனதால் உலகச் சந்தையில் அதற்குக் கொச்சி எண்ணெய் என்றே பெயர் விழுந்துவிட்டது. கிராக்கிக்குக் காரணம் வேதியியல். சிட்ராலிலிருந்து ஐயனோன் என்ற பொருளைச் செய்யும் வழியை 1893இல் ஜெர்மனியில் டீமன், க்ரூகர் இருவரும் கண்டுபிடித்தார்கள். வயலட் பூவின் வாசனை அது, அத்தர்க்காரர்கள் கொண்டாடினார்கள். பின்னாளில் அதே ஐயனோன் செயற்கை வைட்டமின் ஏ தயாரிக்கவும் அடிப்படையானது. 1951இல் எர்ணாகுளம் மாவட்டம் ஓடக்காலியில் இந்தப் புல்லுக்கென்றே ஒரு ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள் என்றால் அதன் மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடி-19 என்கிற சுகந்தி ரகம் அங்கே வந்ததுதான். அப்புறம் ஆலைகளில் செயற்கைச் சிட்ரால் மலிவாக வந்தது, புல்லின் விலை விழுந்தது, ரப்பர் நட வசதிப்பட்டவர்கள் ரப்பருக்குப் போனார்கள்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் குழம்புகிற ஒரு இடம் உண்டு. மாடியில் தொட்டியில் வைத்து டீயில் போடுகிறீர்களே, அது அநேகமாக இந்தப் புல் அல்ல. அது சிம்போபோகன் சிட்ராட்டஸ். அடித்தண்டு வெங்காயத்தாள் போலப் பருத்து மெதுவாக இருக்கும், தாய்லாந்துச் சமையலில் நறுக்கிப் போடுவது அந்தத் தண்டைத்தான். அது பூப்பதே அரிது, அதனால் கன்று பிரித்துத்தான் நட முடியும். நம் மலைப்புல் வருஷக் கடைசியில் தவறாமல் பூக்கும், ஆளுயரத்துக்கு மேலே மெல்லிய கதிர் ஆடும், தை, மாசியில் விதை முற்றும். விதையைத் தூவியே நாற்று விடலாம், ஆனால் அந்த வருஷமே விட்டுவிட வேண்டும், தள்ளிப்போட்டால் முளைப்புத் திறன் போய்விடும். இன்னொரு சங்கதி, விதையில் வரும் செடிகள் அயல் மகரந்தம் கலந்தவை, ஒவ்வொன்றும் ஒரு குணத்தில் நிற்கும். நல்ல தூர் கிடைத்துவிட்டால் அதைப் பிரித்து நடுவதே புத்திசாலித்தனம்.

இதே சாதியில் சிட்ரோனெல்லா, பாமரோசா என்று இரண்டு பேர் உண்டு. முன்னது கொசு விரட்டும் மெழுகுவர்த்தியில் வருவது, பின்னது ரோஜா வாசனை. வெட்டிவேர் கொஞ்சம் தள்ளிய உறவு, அது வாசனையை வேரில் வைத்திருக்கிறது. நர்சரியில் பெயரை நம்பாதீர்கள், ஒரு இலையைக் கசக்கி மோந்து பாருங்கள். சோப்பு வாடை அடித்தால் சிட்ரோனெல்லா, டீக்கு ஆகாது.

வாங்கிய பாட்டிலைச் சோதிக்க ஒரு சுலப வழி. ஒரு டம்ளர் தண்ணீரில் சில சொட்டு விடுங்கள். சுத்தமான தைலம் தண்ணீரில் கரையாது, மேலே பளபளவென்று மிதக்கும். விட்டதும் தண்ணீர் பால் போல வெளுத்தால் அதில் எண்ணெயைத் தண்ணீரில் கலக்கவைக்கும் சோப்பு வகைச் சரக்கு சேர்ந்திருக்கிறது. அது தரை துடைப்பதற்கான கலவை. தப்பில்லை, தரையைத் துடையுங்கள், முழங்காலில் மட்டும் தேய்த்துக்கொள்ளாதீர்கள். சுத்தமான தைலத்தையும் அப்படியே தேய்த்தால் தோல் எரியும். தேங்காயெண்ணெயில் சில சொட்டு விட்டுக் கலந்து, முதலில் கையில் ஒரு சின்ன இடத்தில் தடவிப் பார்ப்பது நல்லது. குடிப்பதற்கோ குழந்தைகள் கையில் படுவதற்கோ இது இல்லை. பாட்டிலை மூடி, இருட்டில் வையுங்கள். காற்றும் வெளிச்சமும் பட்டால் சிட்ரால் கெட்டு வாசனை மாறிப்போகும்.

வீட்டில் வளர்க்க நினைப்பவர்கள் அடியில் ஓட்டை உள்ள அகலமான தொட்டி எடுங்கள், வெயில் நாள் முழுக்க விழும் இடத்தில் வையுங்கள். மண் சுமாராக இருந்தாலும் போதும், தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது. மூன்று மாதம் கை வைக்காமல் விட்டுவிட்டு, அப்புறம் ஒரு சாண் உயரம் விட்டு மொத்தமாக அறுங்கள், ஒவ்வொரு இலையாகப் பிய்க்காதீர்கள். தொட்டி நெருக்கம் தரையைவிடச் சீக்கிரம் தெரியும். நடுவில் காய்ந்த கட்டை தெரிய ஆரம்பித்ததும் கவிழ்த்துப் பிரித்து, ஓரத்துக் கன்றுகளை வேரோடு மறுபடி நடுங்கள். நடும்போது மேல் இலையைப் பாதிக்கு வெட்டிவிட்டால் வேர் பிடிக்கும்வரை வாடாமல் நிற்கும்.